மேலாளர் தட்டிய என்டர்

"பத்து நாள் லீவா? நாளைக்குப் புது மென்பொருள் வெளியாகணும். புரோகிராமையெல்லாம் கம்பைல் பண்ணி கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி யாரும்மா மாத்தறது?"

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டார். சாய்ந்து கேட்டால்தான் கேள்விக்கு ஒரு கனம் வரும் என்பது அவர் கொள்கை.

"தங்கச்சியைப் பிரசவத்துக்கு இன்னைக்கே அட்மிட் பண்ணச் சொல்லிட்டாங்க சார். கூட இருக்க என்னை விட்டா ஆள் இல்ல," என்றாள் புரோகிராமர்.

"புரியுது. ஆனா கம்பெனின்னு ஒண்ணு இருக்கே!"

"'மேக்'னு ஒரு கட்டளைதான் சார், நீங்களே அடிக்கலாம். ஆனா..." இழுத்தாள். "அரை மணி நேரம் ஓடும். பிழை வந்தா சிவப்பு சிவப்பாக் கொட்டும். உங்களுக்கு எதுக்கு சார் அந்த ரோதனை? பழக்கம் வேற விட்டுப் போயிருக்கும்."

மேலாளர் விறைத்து நிமிர்ந்தார். யாருக்குப் பழக்கம் விட்டுப் போயிருக்கும்?

"நான் கறுப்புத் திரையில கட்டளை அடிச்சப்போ நீ ஸ்கூல் பை சுமந்துட்டிருந்திருப்பே. தள்ளும்மா!"

தன் அறையிலிருந்து வெளியே வந்து அவள் இருக்கையில் அமர்ந்தார். அலுவலகமே கழுத்தை நீட்டிப் பார்த்தது. நாலே ஆங்கில எழுத்தை நாலு திசையில் தேடிப்பிடித்து அடித்துவிட்டு, கச்சேரியை முடித்துவைக்கும் வித்வான்போல என்டரைத் தட்டினார்.

கண் இமைப்பதற்குள் ஒரே ஒரு வரி வந்து நின்றது. வரியைப் படிக்க அவருக்கு எங்கே பொறுமை? கண் சிவப்பைத்தான் தேடியது. மருந்துக்குக்கூட இல்லை.

"முடிஞ்சுதா?" என்றார், தன்னையே நம்பாமல்.

"முடிஞ்சுது சார்!" அவள் வாயைப் பிளந்தாள். "எப்படி சார்?"

"அனுபவம்மா, அனுபவம்!"

கைதட்டல் எழுந்தது. பக்கத்து மேசைக்காரனுக்கு மட்டும் ஏனோ திடீர் இருமல்.

"இதுக்குப் போய் அரை மணி நேரமா!" மேலாளர் கைக்குட்டையால் வெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "நீ கிளம்பு. பத்து நாள் என்ன, பதினஞ்சு நாளே எடுத்துக்கோ. இங்கதான் நான் இருக்கேனே!"

லிஃப்ட்டில் இறங்கும்போதே தங்கையை அழைத்தாள்.

"எப்படிக்கா விட்டார்?"

"காலையிலேயே எல்லாத்தையும் கம்பைல் பண்ணி முடிச்சிட்டேன்டி. அதைச் சொன்னா அடுத்த வேலையைத் தலையில கட்டியிருப்பார். ஏற்கெனவே கம்பைல் ஆனதை அந்தக் கட்டளை மறுபடி தொடாது. அவர் தட்டினதும் திரையில என்ன வந்துச்சு தெரியுமா? 'செய்வதற்கு எதுவும் இல்லை!'"