நான்காவது மாடிப் பொத்தான்

லிப்ட் பொத்தான்களின் மேல் இருந்த பிரெய்ல் புள்ளி எழுத்துகளை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். ஜெசிந்தா தடவித் தடவிப் பார்த்தாள். விரலில் பிசின் மட்டும் ஒட்டியது. ஐந்து வருடமாக யாரையும் கேட்காமல் தன் அலுவலக மாடிக்குப் போய்வந்தவள் அவள்.

பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. "நாலு அழுத்துறீங்களா?" என்றாள்.

"அழுத்திட்டேன்." பக்கத்து இருக்கை தினகரன். குரல் வறண்டிருந்தது. "டீ குடிக்கும்போது போன் வந்துச்சு. எட்டாவது மாடி எச்.ஆர். ரூமுக்கு வரணுமாம். காலையிலேர்ந்து அங்க போனவங்க யாரும் சீட்டுக்குத் திரும்பல."

ஜெசிந்தா தன் வெள்ளைக் கோலை மடக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கென்னங்க கவலை. கண்ணு தெரியாதவங்களுக்கும் வேலை குடுக்கிறோம்னு வாசல்லயே உங்க போட்டோவப் பெருசா மாட்டி வச்சிருக்காங்க."

"நானும் மூணு ரவுண்டு இன்டர்வியூ முடிச்சுத்தான் வந்தேன். அந்தப் போட்டோ இன்னும் இருக்கா?"

வழக்கமாகப் பன்னிரண்டு எண்ணுவதற்குள் கதவு திறந்துவிடும். இன்று இருபதைத் தாண்டியும் லிப்ட் ஏறிக்கொண்டே இருந்தது. அவன் நாலை அழுத்தவே இல்லை என்று அவளுக்குப் புரிந்தபோது, அவள் முழங்கையை இறுகப் பற்றினான்.

"ஒரு நிமிஷம் கூட வாங்க. இவங்கள வச்சுக்கிட்டு என்னை மட்டும் ஏன் வேலைய விட்டு அனுப்புறீங்கன்னு உங்க முன்னாடியே கேக்கணும்."

கதவு திறந்தது. காகிதங்களைப் புரட்டும் சத்தம். பிறகு எச்.ஆர். பெண்ணின் களைத்த குரல்.

"நல்லதாப் போச்சு, ரெண்டு பேரும் சேர்ந்தே வந்துட்டீங்க."