பட்டியலில் தெரிவது

வகுப்பின் இணைய விவாதப் பக்கத்தில் ஆறு வாரத்துக்கு ஆறு பதிவுகள். ஒன்றுக்கும் மறுமொழி இல்லை.

எழுத்துப் பிழையாக இருக்குமோ என்று பார்த்தாள். இல்லை.

நீளம்தான் காரணமோ என்று ஐந்தாவது வாரம் பாதியாகக் குறைத்தாள். ஆறாவது வாரம் மேற்கோள்கள் சேர்த்தாள். மற்றவர்களுக்கு மறுமொழிகள் எட்டு, பத்து என்று ஏறின.

அவள் பெயருக்கு எதிரே பூஜ்யம்.

அவள் பார்த்துக்கொள்ளும் அங்கன்வாடிப் பிள்ளைகள் பாயில் தூங்கும் ஒன்றரை மணி நேரம்தான் அவளுடைய கல்லூரி. சமூகவியல் முதுகலை, இணையவழி. பருவத்தில் ஒரு பதிவுக்காவது சக மாணவர் மறுமொழி எழுதியிருந்தால்தான் தேர்வுக்கு அனுமதி.

இது கடைசி வாரம்.

பெண்பிள்ளைகள் ஏன் படிப்பை நிறுத்துகிறார்கள் என்பது தலைப்பு. அவள் அன்றாடம் பார்ப்பது. எழுதி முடித்துவிட்டாள். அனுப்பத்தான் கை வரவில்லை.

வெட்கத்தை விட்டு மெர்சியை அழைத்தாள். தூத்துக்குடிப் பெண், வகுப்பிலேயே இளையவள். என் பதிவு எதையாவது படித்தாயா என்று கேட்டாள்.

மெர்சி சொன்னாள்:

"எக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பேருக்குக் கீழ எப்பவும் ஒரே வணக்கந்தான் நிக்குது. பழசுன்னு நெனச்சித் தாண்டிப் போயிருவோம். உங்களுக்கு வணக்கம் அக்கான்னே பேரு வச்சாச்சு."

அவள் வகுப்பின் பதிவுப் பட்டியலைத் திறந்தாள்.

ஒவ்வொரு பதிவிலும் முதல் இரண்டு வரியை மட்டுமே அது காட்டும். மீதிக்குப் பெயரைத் தொட வேண்டும். தொடலாமா வேண்டாமா என்பதை அந்த இரண்டு வரிதான் முடிவு செய்யும்.

அவள் பெயருக்குக் கீழே, ஆறு முறை:

மதிப்பிற்குரிய பேராசிரியருக்கும் சக மாணவர்களுக்கும் பணிவான வணக்கம். தவறிருந்தால் பொறுத்தருளவும்.

அங்கன்வாடி மேற்பார்வையாளருக்குப் போகும் தாள்களைப் பதினாறு ஆண்டுகளாக அப்படித்தான் தொடங்குகிறாள்.

அழித்தாள்.

மொட்டையாக இருந்தது. பேராசிரியர் என்ன நினைப்பார்.

மறுபடி அடித்தாள். மறுபடி அழித்தாள்.

ஒரு குழந்தை புரண்டு படுத்தது. எல்லோரும் எழுந்துகொள்ள இன்னும் பத்து நிமிடம்.

வணக்கத்தைக் கடைசி வரிக்குக் கீழே எழுதினாள். பொறுத்தருளச் சொல்லும் வாக்கியத்தை எங்கும் வைக்கவில்லை.

அனுப்பிவிட்டுப் பட்டியலைப் பார்த்தாள். அவள் பெயருக்குக் கீழே இப்போது இப்படித் தெரிந்தது:

எங்கள் ஊரில் பதினொரு பெண்கள் படிப்பை நிறுத்தியது வறுமையால் அல்ல. உயர்நிலைப் பள்ளி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதால்.