உடையார் வீட்டுப் பேய்

ஊரில் அதிகாரம் செய்த எங்கள் உடையார் பரம்பரையில் எவரும் இன்னொருவர் வாசலில் நின்று கையேந்தியதில்லை. அதனால்தான், பேய் வேடமிட்டு வீடுவீடாகப் போய் இனிப்பு வாங்கும் ஹாலோவீன் அன்று, பேத்தி ஆரபி பேய் வேடத்துக்கான வெள்ளைத் துணியை என்னிடம் நீட்டியபோது கோபம் வந்தது.

இந்த ஆண்டு பரவிய காய்ச்சலால் டொராண்டோ வீடுகளின் வாசற்கதவுகள், நோய் வந்து குணமானவர்களின் கைக்கு மட்டுமே திறக்கின்றன; மற்றவர்கள் வெளியே போக முடியாது. எங்கள் வீட்டில் குணமானவன் நான் ஒருவன்தான்.

“நீங்கள் போகாட்டி எனக்கு இனிப்பே இல்லை, அப்பப்பா.”

“கடையிலை எடுப்பிச்சுத் தாறன்.”

“அது காசுக்கு வாறது. இது பேய்க்குப் பயந்து தாறது.”

“உடையாற்ரை பேரன் பிச்சைக்கு வெளிக்கிட்டார் எண்டு சனம் சிரிக்கும்” என்றேன்.

“துணிக்குள்ளை ஆர் எண்டு ஆருக்குத் தெரியும், மாமா?” என்றாள் மருமகள்.

ஒரே ஒரு வீடு என்ற நிபந்தனையோடு புறப்பட்டேன். ஆரபி ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டுக் கதவைத் திறந்தவர் திருமதி இரத்தினசபாபதி. தலையில் சூனியக்காரித் தொப்பி. நான் வாய் திறக்கும் முன்பே என் பையில் இரண்டு சாக்லேட்டுகளைப் போட்டார்.

“பேயார், இந்த ரோட்டிலை இவ்வளவு நிமிர்ந்து நடக்கிறது நீங்கள் ஒராள்தான்.”

காது சுட்டது. துணியைக் கழற்றிக் கையில் எடுத்தேன். திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டு வாசலில் பச்சை நிறத்தில் ஏதோ புகைந்துகொண்டிருந்தது.

“அங்கை என்ன குடுக்கினம்?” என்று கேட்டேன்.

“ஆருக்குத் தெரியும்? போய்ப் பாத்துச் சொல்லுங்கோ.”

போனேன்.