இடப்பக்கம் பார்க்கிறவன்

"பந்தியிலை வெக்கப்படுறவன் பசியோடை எழும்புவான், பாடத்திலை வெக்கப்படுறவன்... என்னவோ ஒண்டோடை எழும்புவான். என்ரை அப்பு சொல்லுறவர், மிச்சம் மறந்துபோச்சு. கருத்து இதுதான் பிள்ளையள். விளங்காட்டிக் கேக்கவேணும்!"

சுன்னாகத்தில் தம்பிராசா மாஸ்ரரின் பௌதிக ரியூசன் வகுப்பு ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான் தொடங்கும். தொண்ணூற்றிரண்டிலும் அப்படியே. சண்டையால் கறண்ட் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. மாஸ்ரரின் தொண்டைக்கு அது தேவையுமில்லை.

ஓலைக் கொட்டிலில் வலப்பக்கம் பெடியள், இடப்பக்கம் பெட்டையள். அத்தனை பேரிலும் கேள்வி கேட்பது ஒரே ஒரு ஆள். கதிரவேலு. ஏ.எல். சோதினை இரண்டாந்தரம் எடுக்கிறவன்.

"சேர், விளங்கேல்லை. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"எழும்பிட்டார் எங்கடை நியூட்டன்!" என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் வரும். "சேர், உவனுக்கு விளங்கிறதுக்குள்ளை சோதினை முடிஞ்சிடும்!"

மாஸ்ரர் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பச் சொல்லுவார்.

அதையாவது பொறுக்கலாம். கேள்வி கேட்க முதல் கதிரவேலு இடப்பக்கம் திரும்பி, பெட்டையளை ஒரு வாங்கு விடாமல் பார்ப்பான். ஒருநாள் அதையும் மாஸ்ரர் கண்டுவிட்டார்.

"டேய், கப்பிக் கணக்கு பெட்டையளின்ரை முகத்திலையோ எழுதிக் கிடக்கு?"

கொட்டில் அதிரச் சிரிப்பு.

"சேர், நான்..."

"எழும்படா! நாளையிலையிருந்து உன்னை இங்கை காணக்கூடாது."

"வேறை வகுப்பு இல்லை, சேர். இந்தமுறையும் தவறினால் வெங்காயத் தோட்டந்தான் எண்டு அப்பா சொல்லிப்போட்டார்."

"கொப்பருக்காவது விளங்கியிருக்கு!"

மறுபடியும் சிரிப்பு.

"போனமுறை நான் விளங்காமலே ஓமெண்டு சொன்னனான், சேர். அதுதான்..."

"வாயை மூடிக்கொண்டு போ!"

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

அதன்பிறகு வகுப்பில் நல்ல அமைதி.

"விளங்கிச்சோ?"

"ஓம் சேர்!"

கப்பி, நெம்புகோல், ஊசல் என்று பாடங்கள் பறந்தன.

"குழப்படி மாட்டை அவிட்டு விட்டால் பட்டி எவ்வளவு அமைதி, பாத்தியளோ?" என்றார் மாஸ்ரர். பட்டி தலையாட்டியது.

பாடம் முடிந்ததும் ஒரு சோதினை வைத்தார். வலப்பக்கம் அரைகுறை. இடப்பக்கம் வெறுந்தாள்.

"வாய் இல்லையோ உங்களுக்கு?" என்று பெட்டையளின் பக்கம் பாய்ந்தார். "விளங்காட்டிக் கேக்கிறதுக்கு என்ன கேடு?"

அருந்ததி எழும்பினாள். அந்தக் கொட்டிலில் ஒரு பெட்டை எழும்பிக் கதைக்க நிற்பது அதுதான் முதல்முறை. அவள் வாய் திறக்க முதலே வலப்பக்கத்திலிருந்து நீளமாக ஒரு கூவல்.

"ஊஊஊ..."

அது ஓயும்வரை நின்றாள்.

"நாங்கள் எழும்பினால் உதுதான் சேர் நடக்கும். அதாலை எங்களுக்காக அவர்தான் கேக்கிறவர்."

"ஆர்?"

"கதிரவேலு அண்ணை. நாங்கள் ஒருத்தரும் கேக்கச் சொன்னதில்லை. எங்கடை முகத்தைப் பாப்பார். முழிக்கிறம் எண்டு கண்டால், தனக்கு விளங்கேல்லை எண்டு கையை உயர்த்துவார். எங்களுக்கு விளங்கினால் பேசாமல் இருந்திடுவார். தன்ரை கணக்கை அவர் எப்பவோ செய்து முடிச்சிருப்பார், சேர். பக்கத்து வாங்கிலை இருந்து நாங்கள் காணுறனாங்கள்."

இந்தமுறை ஒருவரும் கூவவில்லை.

மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். வகுப்பு முடிந்தது என்றார்.

அன்றைக்கே கதிரவேலுவைத் திரும்ப வரச்சொல்லி ஆளனுப்பினார்.

அவன் வருவதற்கு முதல், பெடியளுக்கும் பெட்டையளுக்கும் நடுவில் ஆளுயரத்துக்குத் தென்னோலைக் கிடுகால் ஒரு மறைப்புத் தட்டி கட்டுவித்தார்.