அண்ணன் கொடுத்த அறை

போன வாரம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது என் இளைய மகள் சொன்னது இது. மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். சொல்லும்போது மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்தாள்.

மதியம். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கடையில் இவள் மட்டும்.

வெளியே தடாலென்று ஒரு சத்தம். கூடவே குழந்தை அழுகை.

தலையணை ஏற்றிய சின்ன வண்டி ஒன்று பின்பக்கமாக வந்து, நின்றிருந்த ஸ்கூட்டரில் இடித்துவிட்டது. ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் கீழே விழுந்துவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு அவளுடைய அப்பா கடைக்கு ஓடி வந்தார்.

நல்லவேளை, முழங்காலில் சிராய்ப்புதான். இவள் மருந்து போட்டு பிளாஸ்திரி ஒட்டினாள்.

"என் மேலயும் தப்புதாம்மா. வளைவுல நிறுத்தியிருக்கக் கூடாது" என்றார் அப்பா.

அதற்குள் வெளியே கூட்டம் கூடிவிட்டது. வண்டியோட்டியைச் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினார்கள்.

அப்பா வாசலில் நின்று கத்தினார். "விடுங்கப்பா! பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலை!"

"நீங்க சும்மா இருங்க சார். நாங்க பார்த்துக்கறோம்" என்று அவரையே ஒதுக்கிவிட்டார்கள். குழந்தை பயந்து வீறிட்டது. அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

இருமல் மருந்து வாங்க வந்த ஒருவர், வாங்காமலே கூட்டத்துக்குள் புகுந்தார்.

"என்னவாம்?" என்று அவரிடம் கேட்டார் பக்கத்தில் நின்றவர்.

"தெரியலைங்க. ஆனா இவனையெல்லாம் சும்மா விடக் கூடாது!"

முதல் அடி முதுகில் விழுந்தது. வண்டியிலிருந்து ஒரு பெண் குதித்து ஓடி வந்தாள். "ஐயோ, என் வீட்டுக்காரரு! அடிக்காதீங்க! கையெடுத்துக் கும்பிடறேன், அடிக்காதீங்க!"

யார் காதிலும் விழவில்லை. ஒருவன் கீழே கிடந்த கல்லைக் குனிந்து எடுத்தான்.

என் மகள் போலீசைக் கூப்பிடப் போனை எடுத்தாள். பதற்றத்தில் ஒரு நம்பர் கூட ஒழுங்காக அழுத்த வரவில்லை.

அப்போதுதான் அந்த ஆள் வந்தார். வாட்டசாட்டமான உடம்பு. தோளில் ஒரு பை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனவர், நேராக வண்டியோட்டியின் கன்னத்தில் விட்டார் ஒரு அறை.

ஓங்கிய கைகள் அப்படியே நின்றன.

"யாருய்யா நீ?"

"யாரா? அவ அண்ணன்டா நான்! என் தங்கச்சியைக் கட்டினவன் இவன். எத்தனை தடவை சொல்லியிருக்கேன், பார்த்து ஓட்டுடான்னு!" இன்னொரு அறை. "இவனை அடிக்கணும்னா நான் அடிப்பேன். வேற எவனாவது கை வெச்சீங்க, நடக்கறதே வேற!"

கல் வைத்திருந்தவன் அந்தப் பெண்ணைப் பார்த்தான். "ஏம்மா, இவரு உன் அண்ணனா?"

அவள் அழுகை நின்றது. அந்த ஆளின் முகத்தையே பார்த்தாள். 

"ஆமா. அண்ணன்தான்" என்றாள். "அண்ணா, போதும்ணா!"

அவ்வளவுதான், காற்று திசை மாறியது.

"சரி விடுங்கப்பா, அது அவங்க குடும்ப விஷயம்."

"மச்சானே நல்லாக் கொடுத்துட்டாரு."

"யோவ், பார்த்துய்யா. அந்தாளு மூச்சு வாங்கறான்." இப்படிச் சொன்னவர் இருமல் மருந்துக்காரர்.

கல் சத்தமில்லாமல் கீழே விழுந்தது.

அண்ணன்காரர் வண்டியோட்டியின் கழுத்தைப் பிடித்து மருந்துக் கடைக்குள் தள்ளினார். பின்னாலேயே அந்தப் பெண்ணும் ஓடி வந்தாள்.

"ஷட்டரை இறக்கும்மா!" என்று ஒரு அதட்டல்.

என் மகள் இறக்கிவிட்டாள். இறக்கிய பிறகுதான் உறைத்தது. கடவுளே, என்ன காரியம் செய்துவிட்டேன்! வெளியே என்றால் நாலு பேர் கண்ணாவது இருந்தது. இந்த முரடன் உள்ளே வைத்து இவனை என்ன செய்யப் போகிறானோ? சாமி பேரைச் சொல்லிக்கொண்டே பஞ்சையும் மருந்தையும் எடுத்தாள்.

வண்டியோட்டிக்கு உதடு கிழிந்து ரத்தம். அந்த நிலையிலும், "பாப்பாவுக்கு என்னாச்சுங்க?" என்றுதான் கேட்டான்.

"சிராய்ப்புதான். அவங்க அப்பாவோட போயிட்டா."

அதைக் கேட்டதும் அவன் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். என் மகளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பயமெல்லாம் எங்கே போனதோ, அந்த ஆளின் பக்கம் திரும்பினாள்.

"நீங்கல்லாம் ஒரு அண்ணனா? ஊரே சேர்ந்து அடிக்குது. நீங்களாவது தடுக்க வேண்டாமா? கூடப்பிறந்தவ கண்ணு முன்னாடியே அவ புருஷனை இப்படியா அறைவாங்க?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய உடம்பு வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?" என்றார். டம்ளரை அவரால் பிடிக்க முடியவில்லை. அந்தப் பெண்தான் பிடித்துக் குடிக்க வைத்தாள்.

"இவரைத் திட்டாதீங்கக்கா" என்றாள் அவள். "அடிக்காதீங்கன்னு நான் தொண்டை கிழியக் கத்தினேன், ஒருத்தர் வழி விடலை. இவரு அடிக்க வந்தாரு, விட்டுட்டாங்க. எனக்குக் கூடப்பிறந்தவங்க யாருமே கிடையாதுக்கா. இவரை நான் இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

கூட்டம் கலைந்ததும் அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். பதற்றத்தில் யாரும் பேரைக் கூடக் கேட்கவில்லை. இன்று ராத்திரி உங்கள் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்ளும்போது, 'அந்த அண்ணனையும் பார்த்துக்கோ' என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.