ஒரே ஒரு போல்ட்

"அந்தப் பொண்ணு நமக்கு ஒத்து வராதுண்ணே," என்றாள் குண்டூசி.

சாப்பிட்டுக் கை கழுவின ஈரம்கூடக் காயல, அதுக்குள்ள தீர்ப்பு. ஆளு ஒல்லி, பேச்சு குத்தும். பேரு சும்மா வரல.

எங்களுடையது அட்டைப்பெட்டி செய்யற கம்பெனி. ஷிப்டுக்கு நாலு பேர். சூப்பர்வைசர் நான். பெட்டிக்கு ஸ்டேப்ளர் பின் அடிக்கிறது குண்டூசி. வண்டியில ஏத்தறது சித்தப்பா. அவர் யாருக்கு சித்தப்பான்னு யாருக்கும் தெரியாது, எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். வெட்டற மெஷினை ஓட்டறது சிரிப்பண்ணன். என்ன ஜோக்கு சொன்னாலும், மத்தவங்க சிரிச்சு முடிச்சப்புறமும் சிரிச்சுக்கிட்டிருக்கற மனுஷன். எங்க டீமுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச ஆளு.

அஞ்சாவதா ஒருத்தர் வேணும். வேலை தெரிஞ்சா மட்டும் போதுமா? எங்களோட செட் ஆக வேண்டாமா? அதுக்கு எங்ககிட்ட ஒரு முறை இருக்கு. வர்றவங்க அரை நாள் எங்களோட வேலை செய்யணும், ஒரே மேசையில சாப்பிடணும். அப்புறம் அவங்களை வெளிய உட்கார வெச்சுட்டு, பழைய பிஸ்கட் டின்னுல ஆளுக்கு ஒண்ணு போடுவோம். போல்ட்னா சேர்த்துக்கலாம், நட்டுன்னா வேணாம். ஒரு நட்டு விழுந்தாலும் முடிஞ்சது கதை.

இன்னைக்கு அப்படி வந்த அந்தப் பொண்ணு, காலையிலயே சொல்லிட்டா.

"இது நாலாவது இடம் சார். மூணு இடத்துலயும் வேலை நல்லாருக்குன்னாங்க, ஆளு செட் ஆகலன்னு அனுப்பிட்டாங்க. தங்கச்சி வீட்டுல எத்தனை நாள் சார் ஒட்டிக்கிட்டு இருக்கறது?"

வேலையில ஒரு குறை சொல்ல முடியல. மெஷின் ஓடும்போது பக்கத்துல நின்னு கத்தினாலும் கேக்காது, அதனால உள்ள எங்க பேச்செல்லாம் கை ஜாடைதான். கட்டைவிரலை மேல தூக்கினா 'ஓட்டு'. ரெண்டு முஷ்டியும் முட்டினா 'அட்டை சிக்கிடுச்சு'. பத்து மணிக்குள்ள அத்தனையும் பிடிச்சுக்கிட்டா.

சாப்பிட உட்கார்ந்தப்பதான் வந்தது வினை.

குண்டூசி தன் பக்கத்துல இடம் போட்டு வெச்சிருந்தா. இவ அதை விட்டுட்டு, நாற்காலியை இழுத்துக்கிட்டுப் போய் சிரிப்பண்ணனுக்கு நேர் எதிர்ல உட்கார்ந்தா.

புது ஆளுன்னா நான் எப்பவும் சொல்ற ஜோக்கை எடுத்து விட்டேன்.

"ஒருத்தர் போன்ல ஒரே சண்டை. 'உங்ககிட்ட நூறு பெட்டி வாங்கினேன். நூறையும் பிரிச்சுப் பார்த்துட்டேன். ஒண்ணுலயும் ஒண்ணுமே இல்ல, ஏமாத்திட்டீங்களே'ங்கறார்."

எல்லாரும் சிரிச்சோம். சிரிப்பண்ணனும் சிரிச்சார். அவ மட்டும் என் பக்கமே திரும்பல, அவரையே பார்த்துக்கிட்டிருந்தா. அப்புறம் குனிஞ்சு அவர்கிட்ட என்னமோ சொல்லி, பெட்டியைத் திறந்து எட்டிப் பார்க்கற மாதிரி நடிச்சு, வெறுங்கையை விரிச்சா. அவர் இன்னொரு தடவை, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சார்.

எனக்கு சுருக்குன்னுச்சு. என் எதிர்லயே என்னை நடிச்சுக் காட்டறா. இவரும் அவளோட சேர்ந்துட்டாரே.

சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் இதே கூத்து. நாங்க எது பேசினாலும், அவ அவர்கிட்ட வாயையும் கையையும் ஆட்டிக்கிட்டே இருந்தா.

"வந்த அன்னைக்கே கேலியா?" அவளை வெளிய உட்கார வெச்சதும் சித்தப்பாவுக்கும் கோபம்.

டின் சுத்தி வந்தது. கொட்டினேன். மூணு நட்டு, ஒரே ஒரு போல்ட்.

"போல்ட் யாரு போட்டது?"

சிரிப்பண்ணன் மேசையில கிடந்த நட்டுகளையே பார்த்துக்கிட்டிருந்தார். குண்டூசி தோளைத் தட்டினப்புறம்தான் நிமிர்ந்தார்.

"நீங்களாண்ணே?" என்றேன். "அவ என்னை நக்கல் பண்றா, நீங்க அவளுக்குப் போல்ட் போடறீங்க."

அவர் என் வாயையே பார்த்தார்.

"மெஷினை விட்டு எடுத்துடுவீங்களோன்னு பயந்துதான் தம்பி சொல்லல," என்றார், தேவைக்கு மேல சத்தமா. "ரெண்டு வருஷமா எனக்குக் காது கேக்கறதில்ல. உள்ள ஜாடையில ஓட்டிடுவேன், ஒருத்தர் நேரா நின்னு பேசினா வாயைப் பார்த்துப் புரிஞ்சுக்குவேன். இங்க நீங்கல்லாம் சிரிச்சா நானும் சிரிச்சு வைப்பேன். அவ அப்பாவும் மெஷின்காரராம், காது போனப்புறம் இப்படித்தான் எல்லாருக்கும் பின்னாடி சிரிப்பாராம். என்னைப் பார்த்ததுமே கண்டுபிடிச்சுட்டா. நீங்க பேசினது ஒண்ணு விடாம எனக்குச் சொன்னா."

மேசையில கிடந்த போல்ட்டை எடுத்துக் கையில வெச்சுக்கிட்டார்.

"இன்னைக்குத்தான் விஷயம் தெரிஞ்சு சிரிச்சேன். நல்ல ஜோக்குதான் தம்பி அது."

ரெண்டு வருஷமா ஒரே மேசையில சாப்பிட்டிருக்கோம். எனக்கு வெக்கமா இருந்தது.

அவருக்கு நேரா போய் நின்னேன். "மெஷினு உங்களோடதுதாண்ணே," என்று நிதானமாச் சொல்லி, கட்டைவிரலையும் மேல தூக்கிக் காட்டினேன். சித்தப்பா மேசையிலிருந்த மூணு நட்டையும் பொறுக்கிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டார்.

வெளிய வந்தேன். பெஞ்சுல பையை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தவ, என்னைப் பார்த்ததும் எழுந்தா. பதிலை அவளே முடிவு பண்ணிட்டா போல.

"செட் ஆகலையா சார்?"

"நாளைக்குக் காலையில வந்துடும்மா," என்றேன். "நாங்க செட் ஆவோமான்னு நீதான் பார்த்துச் சொல்லணும்."