பயப்படாத ரெத்தாமா

“நாளைக்குப் பெரிய வெள்ளி, டாக்டர். இன்னிக்கு நான் கத்த மாட்டேன். தொண்டை போயிடும். வாளியை வேணா தட்டுறேன்” என்றார் பராமரிப்பாளர் ரொசெந்தோ.

“தட்டுங்க. பலமா.”

தட்டினார். வேலிக்குள் ரெத்தாமா, குஞ்சம் வைத்த காதுகளில் ஒன்றை மட்டும் அசைத்தாள். கொட்டாவி விட்டாள்.

மருத்துவர் கசில்தா தலையில் கைவைத்தார். ஸ்பெயினின் அந்தலூசிய மலைகளில் அற்றுப்போயிருந்த சிவிங்கிப்பூனைகளை அந்த வனவிலங்கு மையத்தில் வளர்த்துக் காட்டில் விடுகிறார்கள். மனிதரைக் கண்டு ஓடும் பூனைக்குத்தான் விடுதலை.

“பயம் வரலைன்னா இவ ஆயுசுக்கும் இங்கதான். வெளிய விட்டா ஏதாவது கார் முன்னாடி போய் உட்காருவா.”

“புட்டிப்பால் குடுத்தவன் நான். என்னைப் பார்த்து எப்படிப் பயப்படுவா?”

“அப்போ பாடுங்க. நாளைக்குப் பாடப்போறதை.”

ரொசெந்தோ நிமிர்ந்தார். “மாதா சப்பரம் என் பால்கனிக்குக் கீழ நிக்கும்போது பாடுறதை, ஒரு பூனைக்கா? போன வருஷம் சப்பரம் தூக்கினவங்க எல்லாம் அழுதாங்க, தெரியுமா?”

“தெரியும். நானும் அங்கதான் இருந்தேன்.”

ரொசெந்தோ நெஞ்சில் கைவைத்தார். கண்களை மூடினார். “ஆஆஆய்ய்ய்...”

கண் திறந்தபோது ரெத்தாமா ஓக் மரத்தின் உச்சியில் இருந்தாள். மயிரெல்லாம் சிலிர்த்திருந்தது.

“தேறிட்டா!” கசில்தா குதித்தார். “நாளைக்குச் சாயங்காலமே விடறோம். நீங்களும் மலைக்கு வரணும். அவ பண்ணை வீட்டுப் பக்கம் திரும்பினா பாடி விரட்டணும்.”

“சாயங்காலமா? ஊர்வலம்? என் பால்கனி?”

“நீங்க வரலைன்னா விட முடியாது, ரொசெந்தோ.”

அவர் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாதா மன்னிப்பாங்க” என்றார். மூக்கைச் சிந்தினார். வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் கசில்தா கைபேசியை எடுத்தார். மறுமுனையில் சப்பரம் தூக்குவோரின் தலைவர் ஃபுல்ஹென்சியோ.

“ஒத்துக்கிட்டார்.”

“மாதாவே! போன வருஷம் அவர் பாடி முடிக்கிற வரைக்கும் சப்பரத்தை இறக்க முடியாம நின்னோம். தோள் இன்னும் வலிக்குது.” ஃபுல்ஹென்சியோ சற்றுத் தயங்கினார். “டாக்டர்... அடுத்த வருஷத்துக்கும் இதே மாதிரி ஒரு பூனை கிடைக்குமா?”